மியூனிக்கிலிருந்து சனி ஞாயிறு எங்கே போகலாம்?

ஒஹாயோக்காரன், வயது 24. மியூனிக்கில் வேலைக்கு வந்து மூன்று மாதம். ஊரில் பால் வாங்கக்கூட கார்தான். இங்கே கார் இல்லை. ஞாயிறு கடைகளும் அடைப்பு. போன வாரம் காலி பாட்டில்களைத் தெருத்தொட்டியில் போட்டேன், பக்கத்து வீட்டுப் பாட்டி பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிச் சத்தம் கூடாதாம்! செலவில்லாமல் எங்கே ஓடலாம்?

பதில் 1: டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுங்க தம்பி, ஜெர்மனி முழுக்க வட்டார ரயில், பஸ்ஸுக்கான மாதச் சந்தா. 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் செல்லாது. வட்டார ரயிலில் எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் ஸால்ஸ்பூர்க் வரைக்கும் செல்லும். வேண்டாம்னா 10ஆம் தேதிக்குள்ள ரத்து பண்ணிடுங்க. நான் மறந்து ஒரு மாசம் தண்டம் அழுதேன்.

பதில் 2: பாஸ்போர்ட் மறக்காதீங்க. திரும்பும்போது ஜெர்மன் எல்லை ஊரான ஃப்ரைலாஸிங்கில் சோதனைக்குப் போலீஸ் ஏறுவாங்க.

கேட்டவர்: போய்வந்தேன். ஏறினாங்க!