720-இல் ரேடியோ ஊமை: இசிஎச்81 வால்வு யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். ராயபுரத்தில் ஒரு வால்வு ரேடியோ மேஜையில் கிடக்கிறது. மீடியம் வேவில் மேல்கோடி கணீரென்று எடுக்கிறது. 800 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே ஊமை. சென்னை வானொலியின் 720-தான் கிடைக்கவில்லை. அதற்குத்தானே ரேடியோவே!

ஹம் (உறுமல்) இல்லை, ஃபில்டர் கண்டென்சர் மாற்றியாயிற்று. ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்84 வால்வின் 2-ஆம் பின்னில் (கிரிட்) பாசிட்டிவ் வோல்டேஜ் கசிந்தது. கப்ளிங் கண்டென்சருக்கு 0.01 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலியெஸ்டர் போட்டதும் நின்றுவிட்டது.

சந்தேகம் ஆசிலேட்டர் (ஸ்டேஷனைப் பிடிக்க ரேடியோவே உள்ளே அலை உண்டாக்கும் பகுதி) மேல்தான். அதை ஓட்டுவது இசிஎச்81 வால்வு. அதன் 9-ஆம் பின்னில் (ஆசிலேட்டர் கிரிட்) மேல்கோடியில் மைனஸ் 8 வோல்ட். கீழே வர வர மைனஸ் 1-க்குச் சரிகிறது, அதாவது ஆசிலேஷன் தளர்கிறது. (1 மெகோம் ரெசிஸ்டரை இடையில் வைத்து அளந்தது. நேராகத் தொட்டால் மீட்டரே ஆசிலேஷனை அமுக்கிவிடும்.) 47 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டர், பேடர் கண்டென்சர் இரண்டும் கழற்றி அளந்ததில் சரி.

மிச்சம் இரண்டு: வால்வு தளர்ந்திருக்கலாம், அல்லது கடல் காற்றால் ஆசிலேட்டர் காயிலில் (கம்பிச் சுருளில்) ஈரம் ஏறியிருக்கலாம். 40 வாட் குண்டு பல்பின் கீழ் ஒரு ராத்திரி காயவைத்தும் மாற்றமில்லை.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் யாரிடமாவது நல்ல இசிஎச்81 இருந்தால் பத்து நிமிஷம் மாட்டிப் பார்க்கக் கொடுங்கள். 6ஏஜே8 என்று அச்சிட்டிருந்தாலும் அதேதான். ஆசிலேட்டர் காயில் சுற்றுபவர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.