ஆர்கெஸ்ட்ராவில் இருக்கலாமா, விடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

புளியரை, ரிதம் பேட்:

எங்கள் செட்டில் ஏழு பேர். கல்யாண வரவேற்புக்கு இப்போது டிஜே வைத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் இரண்டு பாடகர்களும் மைனஸ் டிராக்கும் (குரல் இல்லாமல் இசை மட்டும் பதிந்தது) போதும் என்கிறார்கள். போன கோயில் கொடைத் திருவிழா சீசனில் பாதிப் பேருக்குத்தான் பேசிய சம்பளம் வந்தது. வீட்டில் திருப்பூருக்கு மாமா கம்பெனியில் சேரச் சொல்லி ஒரே நச்சரிப்பு. எங்கள் அண்ணாச்சிதான் செட்டை நடத்துகிறார், அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இதே நிலைமையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

செங்கோட்டை, கீபோர்டு:

தம்பி, எல்லையில் இருக்கிற செட்டுக்கு ஒரு வசதி உண்டு, மதுரைக்காரனுக்கு அது கிடையாது. மலையாளக் கணக்கில் கும்பம், மீனம், மேடம் (நம்ம மாசி, பங்குனி, சித்திரை) மாதங்களில் கேரளாவில் புனலூர், பத்தனாபுரம், கொட்டாரக்கரை பக்கம் உற்சவத்துக்குக் கானமேளா, அதாவது மேடைப் பாட்டுக் கச்சேரி. கர்க்கடகம் வந்து அங்கே எல்லாம் அடங்கிக் கிடக்கும்போது நமக்கு ஆடிக் கொடை. ஆடியில் வரவேற்பு இருக்காது, அதை ஆவணி சரிக்கட்டிவிடும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, புரோகிராமே குறைந்துவிட்டதா, இல்லை புரோகிராம் இருந்தும் கையில் காசு நிற்கவில்லையா என்பதை. இரண்டும் வேறு வேறு வியாதி.

எங்களுக்கு இரண்டாவது. வேன் வாடகை, அந்தப் பக்கம் போனால் கேரளா பெர்மிட், சவுண்டுக்காரர், வெளியிலிருந்து வரும் பாடகிக்குத் தனி பேட்டா, எல்லாம் போக மிச்சம்தான் எங்களுக்கு. இதில் பத்து மணிப் பிரச்சினை வேறு. 2000-ல் வந்த ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு நினைத்தால் விழாக்களுக்காக வருஷத்தில் 15 நாள் வரை நள்ளிரவு 12 மணி வரைக்கும் விட்டுக்கொடுக்கலாம், ஆனால் அந்த நாள் நம்ம ஊர் உற்சவத்தன்று வந்து விழுமா என்ன? தீபாராதனை முடிந்து எட்டரைக்கு மேடை ஏறி, பத்துக்குப் போலீஸ் வந்து நிறுத்தினால், ‘பாதிப் பாட்டுதானே பாடினீங்க’ என்று கமிட்டி காசைப் பிடிக்கும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது வேறு. முன்பெல்லாம் திரும்பி வரும்போது தென்மலையில் டீக்கு நிறுத்தி, வேன் உள்விளக்கைப் போட்டு, கமிட்டி கொடுத்த கவரை செட்டை நடத்துகிற அண்ணன் எங்கள் கண்ணெதிரே பிரித்துப் பங்கு வைப்பார். குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று தெரியும். ஒரு சீசனில் கவரைப் பிரிப்பது நின்றது. ‘நாளைக்கு ஜிபேல போடுறேன்’ என்றார். போடுவார்தான், ஆளுக்கொரு தொகை, கணக்குக் கேட்டால் மூஞ்சி மாறும். அன்றைக்கே எனக்கு உறைத்துவிட்டது. காசு குறைந்த செட்டில் நாலைந்து வருஷம்கூட ஓட்டலாம், கணக்கை மறைக்கிற செட்டில் ஒரு சீசன்கூட இருக்காதே.

ஆனால் அட்வான்ஸ் வாங்கியதை வாசித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். நம்ம ஏரியாவில் இது முக்கியம். பாதியில் கழன்ற ஆளைக் கடையநல்லூரிலிருந்து கொல்லம் வரை எந்த செட்டும் நம்பிக் கூப்பிடாது. இப்போது வெளி ஆளாகப் பல செட்டுக்கு வாசிக்கிறேன், மேடை ஏறும் முன்பே காசு. பழைய செட்டுக்கும் ஆள் இல்லாதபோது போகிறேன், அண்ணன் நன்றாகத்தான் பேசுகிறார்.

போனது என்னவென்றால், எங்கள் பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தால் அவர் மைக்கைப் பிடிக்கிற விதத்திலேயே தெரியும், கேட்காமலே கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸை இரண்டு இறக்கி வைத்துவிடுவேன். தபலாக்காரர் இடையிசை முடியும் இடத்தில் தலையை லேசாகச் சாய்ப்பார், அவ்வளவுதான், எல்லாரும் சரியாக வந்து சரணத்தில் விழுவோம். இப்போது போகிற இடத்தில் ‘சார் என்ன சுருதி’ என்று கேட்டுக் கேட்டு வாசிக்கிறேன். அது சம்பளத்தில் சேராத நஷ்டம்.

களியக்காவிளை, செண்டை:

நான் விடவில்லை. எங்களுடையது சிங்காரி மேளம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது சரியாக மீன மாதம் நடுவில், வாங்கிய அட்வான்ஸெல்லாம் திருப்பிக் கேட்டார்கள். அப்போது பாதிப் பேர் ரப்பர் பால் வெட்டப் போனோம். அது நல்லதாகவே முடிந்தது. விடியுமுன் வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்து முடித்தால் மத்தியானத்துக்கு மேல் ஆள் ஃப்ரீ, சாயங்காலம் கோயிலோ சர்ச் திருநாளோ எதுவானாலும் போகலாம். எங்களிடம் ஒருத்தரும் இப்போது மேளத்தை மட்டும் நம்பி இல்லை. செண்டையெல்லாம் குழுவுக்குப் பொது, மாதச் சீட்டுப் போட்டு வாங்கியது, கணக்கு நோட்டு யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்போம். ஒன்று விடு இல்லை இரு என்று எதற்கு நெருக்குகிறீர்கள்? சோற்றுக்கு வேறு வேலை பார், மேளத்தை வைத்துக்கொள். திருப்பூர்தான் தூரம். தென்காசியிலேயே ஒரு வேலை கிடைத்தால் பிரச்சினையே இல்லை.

சித்தூர், பேண்டு செட் டிரம்பெட்:

எங்கள் பக்கம் முகூர்த்தம் இல்லாத மாதத்தில் ஓனரிடம் முன்பணம் வாங்கித்தான் அடுப்பு எரியும். சீசனில் அதைக் கழிப்பார், கழித்து முடிவதற்குள் அடுத்த முன்பணம். விட்டுப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் ‘துட்டை வச்சுட்டுப் போ’ என்பார். நான் மச்சானிடம் கடன் வாங்கி அடைத்துவிட்டு அதன் பிறகே பேசினேன். தம்பி, நீ ஏதாவது வாங்கியிருந்தால் முதலில் அதை முடி. பேட் யார் காசில் வாங்கியது என்பதையும் இப்போதே பேசி வை.

புளியரை, ரிதம் பேட்:

முன்பணம் எதுவும் இல்லை அண்ணே. பேட் என் காசு, ஸ்டாண்டும் கேபிளும் செட்டுடையது. செங்கோட்டை அண்ணன் சொன்ன கவர் விஷயத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், எங்கள் அண்ணாச்சி இன்னும் வேனில் வைத்துத்தான் பிரிக்கிறார், தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பாடகிக்குக் கொடுத்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். சித்திரைக் கொடைக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். அது முடிகிற வரை மாமாவிடம் தவணை கேட்கிறேன். நடுவில் தென்காசியில் மொபைல் கடை வேலை ஒன்று இருக்கிறது, சம்பளம் கொஞ்சம்தான், ஆனால் ராத்திரி புரோகிராமுக்கு விடுவார்களா என்று நாளைக்குப் போய்க் கேட்க வேண்டும்.

செங்கோட்டை, கீபோர்டு:

கண்ணெதிரே பிரிக்கிறாரா? அப்படியென்றால் திருப்பூர் பேச்சை அண்ணாச்சியிடம் நேராகவே சொல்லு, ஒளிக்காதே. கடைக்காரர் விடவில்லை என்றால் எனக்கு மெசேஜ் போடு, மீனத்தில் புனலூர்ப் பக்கம் பேட் வாசிக்க ஆள் தேடுகிறார்கள்.