ஒரு நாற்றுதான் வைத்தேன், முற்றம் முழுக்கக் கனகாம்பரம்

நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு அத்தை கொடுத்த ஒரே ஒரு நாற்று. இப்போது கிணற்றடி, துவைக்கிற கல்லின் இடுக்கு, ரோஜாத் தொட்டி என்று எங்கே பார்த்தாலும் கனகாம்பரம். நான் ஒரு விதைகூடப் போடவில்லை.

எறும்பு இழுத்துப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் சாயங்காலம் தண்ணீர் விடும்போது செடியிலிருந்து 'டப் டப்' என்று சத்தம், கணுக்காலில் ஏதோ சுள்ளென்று பட்டது. குனிந்து பார்த்தால், பூ முடிந்து பழுப்பாகக் காய்ந்த கதிரில் நனைந்த காய்கள் வெடித்துக்கொண்டிருந்தன. ஒரு காயில் நாலு விதை வரை இருக்கும். சந்தேகம் இருந்தால் காய்ந்த கதிர் ஒன்றைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுத் தட்டால் மூடிப் பாருங்கள், சோளம் பொரிகிற மாதிரி கேட்கும். என் பையனுக்கு இப்போது அதுதான் தீபாவளி.

பெருகுவது வேண்டாம் என்றால் கதிர் பச்சையாக இருக்கும்போதே நறுக்கிவிடுங்கள், புதுக் கதிரும் சீக்கிரம் வரும். ஆனால் தானாக முளைத்ததெல்லாம் தேறும் என்று நம்ப வேண்டாம். போன வருஷம் மூன்று செடி வெளுத்து வாடியது. பிடுங்கினால் வேரெல்லாம் மணி மணியாக முடிச்சு. நூற்புழு, வேரைத் துளைக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு! அந்தப் புழுவை அடக்க அந்த இடத்தில் இப்போது செண்டுமல்லி போட்டிருக்கிறேன்.

—

எங்கள் வீட்டில் நேர்மாறு, தம்பி. ஆறு வருஷமாக டெல்லிக் கனகாம்பரம் இருக்கிறது, ஒரு குட்டிகூட முளைத்ததில்லை. உரம் போதவில்லையோ என்று சாணமாகக் கொட்டினேன். அப்புறம்தான் நர்சரிக்காரர் சொன்னார், அது மும்மடிய ரகமாம், அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று இருக்குமாம், அதனால் விதையே பிடிக்காதாம். தண்டு வெட்டி வைத்தால்தான் உண்டு. பூ மட்டும் நல்ல அடர் ஆரஞ்சு. ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்து, வாசத்துக்கு நடுநடுவே மருக்கொழுந்து வைத்துக் கட்டுவேன்.

—

அக்கா, அந்த டெல்லியில் நாலு நுனித்தண்டு எனக்கு எடுத்து வையுங்கள். பதிலுக்கு நாற்று எத்தனை வேண்டும்? துவைக்கிற கல்லுக்குக் கீழே மட்டும் பதினேழு நிற்கிறது.