அந்தத் துருத்திய கண் பாரசீகத்திலிருந்து வந்ததா?

ஏட்டுப்புழு:
இரண்டு நாளாக கல்பசூத்திரம் என்ற சமண நூலின் படங்களாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேற்கிந்தியச் சமணச் சுவடிகள், 15ஆம் நூற்றாண்டு. முகமெல்லாம் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது, ஆனால் மறுபக்கத்துக் கண் மட்டும் கன்னத்தைத் தாண்டி வெளியே ஒட்டவைத்த மாதிரி நிற்கிறது. அப்புறம் அந்த அடர்நீலம், தங்கம். எல்லாமே பாரசீகச் செல்வாக்கு என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். பாரசீக ஓவியர்களை ஹுமாயூன்தானே கூட்டிவந்தார்? அவருக்கு நூறு வருஷம் முந்திய சுவடியில் எப்படி?

மைக்கூடு:
கண் உள்ளூர்ச் சரக்கு. காகிதம் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, பனையோலையில் வரைந்த காலத்திலேயே அது இருக்கிறது. காகிதத்துக்கு மாறிய பிறகும் ஓலையின் நீளவாட்டு வடிவத்தை விடவில்லை. கயிறு கோக்கும் துளை இருந்திருக்கவேண்டிய இடத்தில் துளையே போடாமல் ஒரு வட்டத்தை மட்டும் அழகுக்கு வரைந்துவைத்தார்கள், பக்கத்தின் நடுவில் பாருங்கள்.

நீலமும் தங்கமும் வேறு கதை. முதலில் பின்னணி பெரும்பாலும் சிவப்புதான். நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி கல்லை அரைத்தது. குஜராத்திலும் மால்வாவிலும் சுல்தான்கள் ஆண்ட காலம், பாரசீக நூல்கள் வந்துகொண்டிருந்தன, கையில் காசுள்ள சமண வணிகர்கள் தங்கள் சுவடியும் அதே மாதிரி ஜொலிக்கவேண்டும் என்று கேட்டார்கள்.

இதைவிட நல்ல சாட்சி, காலகர் என்ற சமண ஆசாரியரைப் பற்றிய காலகாசாரியர் கதை. உஜ்ஜயினி அரசன் கர்தபில்லன் ஒரு பெண் துறவியைத் தூக்கிப்போகிறான், அவளுடைய அண்ணன் காலகர் மேற்கே போய் சாகி என்ற அயல்நாட்டு (சக) மன்னர்களைப் படையோடு அழைத்துவருகிறார். அந்த சாகிகளை வரையும்போது மட்டும் ஓவியர் பாரசீகச் சித்திரத்திலிருந்து ஆளை எடுத்து உட்காரவைத்துவிடுகிறார்: வட்ட முகம், சாய்ந்த கண், நீள அங்கி, இரண்டு கண்ணும் முகத்துக்குள்ளேயே. எதிரே உட்கார்ந்திருக்கும் காலகருக்கு வழக்கம்போல ஒரு கண் வெளியே! ஒரே சட்டத்துக்குள் இரண்டு ஓவிய மரபு. தெரியாமல் காப்பியடித்தது என்று இதைச் சொல்லமாட்டேன், அயலானுக்கு அயல் பாணி என்று யோசித்தே செய்திருக்கிறார்.

சட்டிபானை:
மால்வா சுல்தான்களின் தலைநகரான மாண்டுவின் நிஃமத்நாமாவையும் பாருங்கள், சுமார் 1495இலிருந்து 1505க்குள். சமையல், வாசனைத் திரவியம், வெற்றிலை எல்லாம் உள்ள புத்தகம், இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. புல்லும் பூச்செடியும் கொத்துக்கொத்தாக முளைத்த தரை அப்படியே பாரசீக நகரமான ஷிராஸின் பாணி. பெரிய மீசையோடு சுல்தான் கியாத் ஷா பக்கத்துக்குப் பக்கம் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறார், சுற்றி வேலை செய்யும் பெண்களில் பலர் உடையிலும் சாயலிலும் நம்ம ஊர்.

ஹுமாயூனோடு பாரசீக ஓவியர்கள் மீர் சையத் அலியும் அப்துஸ் சமதும் டெல்லிக்கு வருவது 1555இல்தான். அவர்கள் வந்ததும் அரண்மனையில் பெரிய ஓவியக்கூடம் அமைந்தது, அது உண்மை, ஆனால் கதவு அதற்கு முன்பே திறந்துதான் கிடந்தது.

ஏட்டுப்புழு:
சாகி படத்தைத் தேடிப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது, வேறு சுவடியிலிருந்து வழிதவறி வந்து உட்கார்ந்த ஆள் மாதிரியே இருக்கிறார். சரி, அந்தச் சமையல் புத்தகத்தில் சமோசா உண்டாமே?

சட்டிபானை:
உண்டு. கொத்துக்கறி, வெங்காயம், சுக்கு, பூண்டு, பன்னீரில் கரைத்த குங்குமப்பூ, கூடவே மசித்த கத்திரிக்காய், நெய்யில் பொரிக்கவேண்டும். உருளைக்கிழங்கைத் தேடாதீர்கள், அது அப்போது இந்தியாவுக்கே வரவில்லை.