பாஸ் மீன் பொடிமீன் மேயும்போது என்ன லூர் (போலி இரை) போட்டீர்கள்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

போன கோடை முடிகிற சமயம். விடிந்து அரைமணி நேரம் ஆகியிருக்கும், ஓடை வந்து ஏரியில் கலக்கும் முனையில் படகை நிறுத்தியிருந்தேன். காற்றே இல்லை, ஆனால் ஒரு இடத்தில் மட்டும் தூறல் விழுகிற மாதிரி தண்ணீர் சிலிர்த்துக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் வானத்தில் ஒரு மேகம் இல்லை. பொடிமீன் கூட்டம் என்று எனக்கு உறைப்பதற்குள் அடியிலிருந்து பாஸ் கிளம்பி, டப் டப் என்று நாலு பக்கமும் அடிக்க ஆரம்பித்துவிட்டது. இருபது முப்பது மீன் இருக்கும். கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை.

முதலில் 4 இன்ச் ஸ்விம்பெய்ட், அதாவது மீன் வடிவ லூர். கூட்டத்தின் நடுவிலேயே போட்டு இழுத்தேன், ஒன்றும் இல்லை. அப்புறம் மேல்தண்ணீரில் ஓடும் பென்சில் லூர். ஒரு பாஸ் அதன் பின்னாலேயே படகு வரை வந்தது, வந்து பக்கத்தில் இருந்த குஞ்சை விழுங்கிவிட்டுத் திரும்பிப் போனது. கிராங்க்பெய்ட், ஸ்பின்னர்பெய்ட், ரப்பர் புழு என்று பெட்டியில் இருந்த எல்லாமே ஒரு சுற்று வந்துவிட்டது, 40 நிமிடம் போனதுதான் மிச்சம். கடைசியில் ஒன்று மாட்டியது, அதுவும் வாயில் இல்லை, தாடைக்கு வெளியே முள் குத்தி வந்தது.

அதைப் படகில் ஏற்றியதும் கக்கியது பாருங்கள், அப்போதுதான் புத்தி வந்தது. ஏழெட்டு ஷாட் குஞ்சு, கூட்டமாகத் திரியும் வெள்ளி நிற இரைமீனின் குஞ்சு. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நுனிக்கணு அளவு, 3 சென்டிமீட்டரைத் தாண்டாது. கறுப்புப் பொட்டு மாதிரி கண், வயிற்றோரம் கொஞ்சம் வெள்ளி, மற்றபடி உள்ளங்கையில் வைத்தால் ரேகை தெரிகிற கண்ணாடி உடம்பு. நான் வீசிக்கொண்டிருந்ததோ அதைவிட மூன்று மடங்கு நீளம்!

த்ரெட்ஃபின் என்ற வகை ஷாட் வசந்தகாலக் கடைசியில் முட்டையிட ஆரம்பித்தால் கோடையிலும் விட்டுவிட்டு இடும். அதனால்தான் அந்த நேரத்தில் திரும்பிய பக்கமெல்லாம் ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் குஞ்சாக இருக்கிறது. பாஸ் இரையைக் கடித்துத் தின்பதில்லை, வாயைச் சட்டென்று திறந்து தண்ணீரோடு உறிஞ்சிவிடும், கூட்டத்துக்குள் புகுந்தால் ஒரே திறப்பில் நாலைந்து உள்ளே போய்விடும். அந்தச் சுகத்தில் இருக்கும் மீன் என் நாலு இன்ச்சுக்காக ஏன் மெனக்கெட வேண்டும்? பெரிய மீனுக்குப் பெரிய இரை என்று சொல்வது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்த 10 கிலோ சொச்சம் பாஸ், 1932ஆம் ஆண்டின் உலக எடைச் சாதனையைச் சமன் செய்த மீன், இரையாகப் போட்ட உயிருள்ள புளூகில் மீனுக்குத்தான் வந்தது. ஆனால் கூட்டமாகப் பொடிமீன் மேயும் பாஸுக்கு அந்தக் கணக்கு செல்லாது என்பது என் கட்சி.

அடுத்த வாரம் 2 இன்ச் சாஃப்ட் பிளாஸ்டிக், வெளிர் சாம்பல் நிறம், 1.8 கிராம் ஜிக் ஹெட் (எடைத்தலை வைத்த முள்), 6 பவுண்டு நரம்பு. வித்தை எதுவும் காட்டவில்லை, வீசிவிட்டு மெதுவாகச் சுற்றினேன், அவ்வளவுதான். மூன்றாவது வீச்சிலேயே ராடு வளைந்தது. ஒன்பது மணிக்குள் 11 மீன். பன்னிரண்டாவது நல்ல கனம், ஆனால் டிராக்கை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் பிடியை) பழைய பழக்கத்தில் இறுக்கி வைத்திருந்தேன், முள் ஏறட்டும் என்று வழக்கம்போல ராடை ஓங்கி ஒரு வெட்டு வேறு வெட்டினேன். லூர் திரும்பி வந்தபோது முள் ஆணி மாதிரி நிமிர்ந்திருந்தது. மெல்லிய கம்பி முள்ளுக்கு வெட்டே வேண்டாம், ராடைச் சாய்த்து ஒரே சீராக இழுத்தால் தானாக ஏறிவிடும் என்பதை அந்த மீனைக் கொடுத்துத்தான் கற்றேன். இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

அண்ணா, எனக்கு இதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. குஞ்சின் அளவைக் கண்ணால் பார்த்து, அதே அளவு, ஏறக்குறைய அதே நிறம் எல்லாம் போட்டேன், ஒரு அடிகூட விழவில்லை. யோசித்துப் பாருங்கள், ஆயிரக்கணக்கான நிஜக் குஞ்சு நடுவில் என்னுடையதும் ஒன்று, பாஸ் எதற்கு அதையே தேர்ந்தெடுக்கும்? ஒரு மணி நேரம் கழித்து எரிச்சலில் சுற்றுவதை நிறுத்திவிட்டு வேறு லூர் மாற்றலாமா என்று பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தேன், நரம்பு தன்பாட்டில் பக்கவாட்டில் போகிறது! கூட்டத்துக்குக் கீழே மெல்ல விழுந்துகொண்டிருந்த லூரை எடுத்திருக்கிறது. மேலே அடிக்கும் மீன்களுக்கு அடியில், அடிபட்டு விழும் குஞ்சைப் பொறுக்க இன்னும் சில காத்திருக்கும் போல, பெரும்பாலும் அவைதான் பெரிசு. அதிலிருந்து நான் கூட்டத்தின் நடுவில் போடுவதே இல்லை. ஓரத்தில் போட்டு, நரம்பைத் தளர்த்தி, செத்தது மாதிரி விழவிடுகிறேன். ஆக, சின்ன லூர் என்பது பாதிதான், அது கூட்டத்திலிருந்து பிரிந்து கிடப்பது மீதி. அளவுகூட அச்சு அசலாக இருக்க வேண்டாம், குஞ்சைவிட ஒரு சுற்று பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது என்பேன்.

*

எல்லாம் சரி, 1.8 கிராமை எப்படி வீசுகிறீர்கள்? எனக்குப் பத்து அடி தாண்டவில்லை, காற்று எதிரே இருந்தால் என் முகத்துக்கே வருகிறது.

*

தம்பி, பெய்ட்காஸ்டரில் (கனமான லூருக்கு ஏற்ற ரீல்) முயன்றிருப்பீர்கள், அதை வீட்டில் வையுங்கள். ஸ்பின்னிங் ரீல், நீளமான மெல்லிய ராடு, மெல்லிய பிரெய்டு (பின்னல் நரம்பு), முன்னால் கொஞ்சம் லீடர் (நுனி நரம்பு). அப்படியும் தூரம் போதவில்லை என்றால் இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, பொடி உருவத்தில் கனமான லூர், அதாவது சின்ன உலோக ஸ்பூன் அல்லது டங்ஸ்டன் ஜிக். டங்ஸ்டன் ஈயத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி, அதே எடையில் உருவம் நன்றாகச் சுருங்கிவிடும். அசைவு கொஞ்சம் முரடுதான், வேகமாக விழும், ஆனால் 30 மீட்டர் தள்ளி மீன் கொதிக்கும்போது அதைப் பார்த்தால் ஆகுமா?

இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது. ஒரு பாப்பரை, அதாவது தண்ணீர் மேல் சத்தம் போட்டு வரும் லூரை எடுத்து அதன் பின்முள்ளைக் கழற்றிவிட்டு, அந்த வளையத்தில் ஒரு முழம் நரம்பு கட்டி, நுனியில் வெள்ளை இறகு கட்டிய பொடி முள். பாப்பரின் எடையில் தூரம் போகும், அது பொளக் பொளக் என்று சத்தம் போட்டால் ஏதோ ஒன்று இரையைத் துரத்துகிறது என்று பாஸ் வரும், வந்து பின்னால் வரும் சின்னதை எடுக்கும். ஒருநாள் பாப்பரில் ஒன்றும் இறகில் ஒன்றுமாக ஜோடியாக மாட்டி, இரண்டும் எதிரெதிர் திசையில் ஓடியது, நரம்பு அறுந்து இரண்டும் போய்விட்டது. சிக்கலும் நிறைய விழும், அதற்குப் பொறுமை இருந்தால் மட்டும் கட்டுங்கள்.

*

இதைக் கோடைச் சமாச்சாரம் என்று மட்டும் நினைக்காதீர்கள் நண்பர்களே. குளிர்காலத்தில் ஸ்மால்மவுத் என்ற வகை பாஸுக்கு நான் போடுவது தக்கைக்குக் கீழே 8 முதல் 12 அடி ஆழத்தில் தொங்கும் முடி கட்டிய ஒரு ஜிக், அதுவும் 1.8 கிராம்தான். தண்ணீர் 5 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கினால் த்ரெட்ஃபின் ஷாட் தாக்குப்பிடிக்காது, அரை உயிராக மிதந்து அப்படியே செத்தும் போகும். தொங்கும் ஜிக் அச்சாக அந்த மாதிரி. நான் எதுவும் செய்யமாட்டேன், சிற்றலையில் தக்கை ஆடினால் போதும். விரல் விறைத்துப்போய் அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில் தக்கை மூழ்கவில்லை, நின்ற நிலையிலிருந்து அப்படியே பக்கவாட்டில் படுத்துவிட்டது. மீன் ஜிக்கை வாயில் வைத்துக்கொண்டு மேலே வந்திருக்கிறது! அது புரிய எனக்குப் பத்து விநாடி ஆனது, அதற்குள் துப்பிவிட்டது. இப்போது தக்கை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ராடைத் தூக்கிவிடுகிறேன்.

*

முதல் பதிவு போட்டவன்தான். ஓரத்தில் விழவிடும் யோசனையை நேற்று சோதித்துப் பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன், பெரிய மீன் அங்கேதான் இருந்தது. ஆனால் ஒரு தொல்லை. விழும்போது எடுப்பதால் எடுத்ததே கையில் தெரியவில்லை, தெரிவதற்குள் இரண்டு மீன் தொண்டை வரை விழுங்கிவிட்டது. ஒன்றில் முள்ளைக் கழற்ற வழியில்லாமல் நரம்பை வாய்க்குள்ளேயே நறுக்கிவிட்டு விட்டேன். வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த ஜிக் ஹெட் எல்லாவற்றிலும் எதிர்முள்ளை (நுனியில் பின்னோக்கி நிற்கும் கூரை) குறடால் நசுக்கி வைத்திருக்கிறேன், நீண்ட மூக்குக் குறடு ஒன்றும் படகிலேயே கிடக்கிறது. எதிர்முள் இல்லாமல் துள்ளும்போது கழன்றுபோகும் மீன் எத்தனை என்று அடுத்த முறை போய்வந்து எழுதுகிறேன். பாப்பர் கட்டும் அண்ணா, அந்த ஒரு முழ நரம்பு எத்தனை பவுண்டு?