நேரடி சாட்சி இல்லாத கொலை வழக்கு: மேல்முறையீட்டில் முதலில் எதைப் பார்ப்பது?

புது ஜூனியர்:
வணக்கம். உயர் நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்குக்கு மேல்முறையீட்டுக் காரணங்கள் எழுதச் சொல்லி சீனியர் கேஸ் கட்டைக் கொடுத்திருக்கிறார், எனக்கு இது முதல் தடவை. 302-இல் (இந்திய தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவு) ஆயுள் தண்டனை. கண்ணால் பார்த்த சாட்சி யாரும் இல்லை. முந்தைய நாள் மாலை இறந்தவரை எதிரியோடு (குற்றம் சாட்டப்பட்டவரோடு) பார்த்ததாக ஒருவர் சொல்கிறார். எதிரி காட்டிய இடத்தில் எடுத்ததாக ஒரு கத்தி, அதில் இறந்தவரின் ரத்தப் பிரிவு இருந்ததாக ஆய்வக அறிக்கை. எல்லாவற்றையும் படித்தால் அவர்தான் செய்திருப்பார் என்று எனக்கே தோன்றுகிறது. அப்புறம் எதை வைத்து வாதிடுவது?

பழைய கட்டு:
"தோன்றுகிறது" என்ற இடத்திலேயே நில்லுங்கள் தம்பி. சூழ்நிலைச் சாட்சியம் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 1984 சாரதா தீர்ப்பை (சரத் பிர்திசந்த் சாரதா எதிர் மகாராஷ்டிரா அரசு) ஒரு முறை முழுதாகப் படியுங்கள். ஒவ்வொரு சூழ்நிலையும் தனித்தனியாக நிரூபணமாக வேண்டும், அவை எதிரியின் குற்றத்தை மட்டுமே காட்ட வேண்டும், வேறு எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது. சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அது நிரூபணம் ஆகாது.

கத்தி விஷயத்தில் சாட்சியச் சட்டம் 27-ஐப் பாருங்கள் (இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 23). "இந்தக் கத்தியால்தான் குத்தினேன், இன்ன இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறேன்" என்று போலீசிடம் தந்த வாக்குமூலம் இருந்தால், ஒளித்து வைத்த பகுதி மட்டும்தான் சாட்சியமாக உள்ளே வரும், குத்தினேன் என்பது வராது. 1946-இல் பிரிவி கவுன்சில் (ஆங்கிலேயர் காலத்தில் லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) புலுக்குரி கோட்டையா வழக்கில் சொன்னது இது, இன்றும் செஷன்ஸ் தீர்ப்புகளில் சில சமயம் முழு வாக்குமூலத்தையும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதோடு 313 கேள்விகளையும் (குற்றவியல் நடைமுறைச் சட்டம் 313-இன் கீழ், சாட்சியங்களைப் பற்றி நீதிபதி எதிரியிடம் கேட்டவை) எடுத்துப் பாருங்கள். ஆய்வக அறிக்கையை எதிரியிடம் கேள்வியாக வைக்கவே இல்லை என்றால் அதை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது, இதுவும் சாரதாவில் இருக்கிறது.

ஆய்வகத்தில் இருந்தவன்:
நான் தடயவியல் பக்கம் வேலை பார்த்தவன். ரத்தப் பிரிவு ஒத்துப்போவது ஒரு ஆளை அடையாளம் காட்டாது, அதே பிரிவு உள்ளவர்கள் ஏராளம். எதிரியின் சொந்த ரத்தப் பிரிவு என்ன என்று யாராவது சோதித்தார்களா? அவருக்கும் அதே பிரிவு என்றால் அந்த அறிக்கை எதையும் சொல்லவில்லை.

அதைவிட முக்கியம் பொருளின் பயணம். கைப்பற்றிய நாள், முத்திரை வைத்தது யார், காவல் நிலையத்தில் எத்தனை நாள் இருந்தது, நீதிமன்றத்துக்கு எப்போது போனது, ஆய்வகத்தில் முத்திரை சரியாக இருந்ததா, எல்லாத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். தேனி சுருளி அருவியில் 2011-இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை 2025-இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அங்கே இருந்தது டி.என்.ஏ. அறிக்கை! ஆனாலும் மாதிரிகள் இடையில் எப்படிப் பாதுகாக்கப்பட்டன, ஏன் தாமதம் என்பதற்கு விளக்கம் இல்லை. மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போக வேண்டும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதிவேடு வேண்டும் என்று அந்தத் தீர்ப்பிலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறார்கள். மாதிரி கெட்டுப்போனால் எங்கள் கருவியில் எவ்வளவு கவனமாகச் சோதித்தும் பயனில்லை.

அரசுத் தரப்பு:
மறுபக்கமும் சொல்கிறேன், உங்கள் எதிர்த்தரப்பு இதைத்தான் எடுக்கும். ஒன்றாகப் பார்த்ததற்கும் இறப்புக்கும் நேர இடைவெளி மிகக் குறைவாக இருந்து, எதிரி விளக்கமே தரவில்லை அல்லது பொய்யான விளக்கம் தந்தார் என்றால் சாட்சியச் சட்டம் பிரிவு 106 (இப்போது 109) வரும், அதாவது தனக்கு மட்டும் தெரிந்த விஷயத்தை அவர்தான் விளக்க வேண்டும். வீட்டுக்குள் நடந்த கொலை என்றால் உச்ச நீதிமன்றத்தின் 2006 திரிமுக் மாரோதி கிர்கன் தீர்ப்பு இன்னும் கனமாக இருக்கும். ஆனால் 106 எங்கள் சுமையை இறக்கி வைக்கும் பிரிவு இல்லை, அடிப்படையை நாங்கள் நிரூபித்த பிறகுதான் அது பேசும்.

புது ஜூனியர்:
எல்லோருக்கும் நன்றி. தேதிகளை எழுதிப் பார்த்தேன். கத்தி கைப்பற்றியதற்கும் நீதிமன்றத்துக்கு வந்ததற்கும் நடுவே பதினெட்டு நாள், அது எங்கே இருந்தது என்று எந்தச் சாட்சியும் சொல்லவில்லை. எதிரியின் ரத்த மாதிரி எடுக்கவே இல்லை. கடைசியாகப் பார்த்தது மாலை ஆறு மணி, உடல் கிடைத்தது மறுநாள் மதியம், பிணக்கூராய்வு மருத்துவரிடம் இறந்த நேரத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. 313-ஐ இன்று இரவு படிக்கிறேன்.