சிங்க ஆமை: முன்பே விதைத்ததா, கடைசியில் ஒட்டியதா?

லாஸ்பேட்டை லோட்டஸ்:
வர்ற ஞாயிறு பாண்டியில கூடி ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ முதல்ல இருந்து பார்க்கப் போறோம். 2005 பிப்ரவரியில ஆரம்பிச்சு 2008 ஜூலையில முடிஞ்ச தொடர், மூணு சீசன், 61 எபிசோட். முதல் தடவை பார்க்குறவங்க எங்கெங்க கவனிக்கணும்னு முடிவைச் சொல்லாம ஒரு பட்டியல் எழுதிட்டிருக்கேன். அதுல சிங்க ஆமையைச் சேர்த்ததுக்கு ஓ.டி. அண்ணன் ஒத்துக்கல.

என் கட்சி இதுதான். கடைசி நாலு எபிசோட்ல, கதாநாயகன் ஆங் (நாலு பூதத்தையும் ஆளுற அவதார்) ஒரு தீவுல கண் முழிக்கிறான், அந்தத் தீவே ஒரு சிங்க ஆமை. தீ அரசனைக் கொல்லாம அவன் பெண்டிங்கை, அதாவது பூதத்தை ஆட்டுற சக்தியை, மட்டும் எடுக்குற வழியை அதுதான் கொடுக்குது. திடீர்னு வந்த தீர்வுன்னு பலரும் சொல்றாங்க. ஆனா சீசன் 2, எபிசோட் 10, ‘தி லைப்ரரி’ பாருங்க. பாலைவன நூலகத்துல ஆங் ஒரு படத்தைப் பார்த்து ‘விநோதமான சிங்க ஆமைங்க’ன்னு சொல்றான், அவன் நண்பன் சொக்கா கண்டுக்காம போயிடுறான். விதை அங்கயே போட்டாச்சு.

கடலூர் ஓ.டி.:
தம்பி, ஒரு பொருளைக் காட்டுவது வேறு, அது எப்படி வேலை செய்யும் என்று கற்றுக்கொடுப்பது வேறு. இரண்டாவதைத்தான் விதை என்பேன். இந்தத் தொடரிலேயே அதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது: மின்னல்.

சீசன் 1, எபிசோட் 12, ‘தி ஸ்டார்ம்’. புயலில் தீ நாட்டு இளவரசன் சூக்கோவின் கப்பல் மேல் விழ வந்த மின்னலை அவன் பெரியப்பா ஐரோ தன் உடல் வழியாக வாங்கி வெளியே விடுகிறார். சில நொடிகள்தான், விளக்கம் கிடையாது. சீசன் 2, எபிசோட் 9, ‘பிட்டர் வொர்க்’கில் விளக்கம் வருகிறது. விரல் நுனியில் வாங்கி, கை வழியாகத் தோளுக்கு ஏற்றி, வயிற்றுக்கு இறக்கி, மறு கையால் வெளியே விட வேண்டும். இதயம் வழியாகப் போனால் ஆள் காலி. நீரை ஆட்டும் வாட்டர்பெண்டர்களைக் கவனித்து இதை உருவாக்கியதாக அவரே சொல்கிறார். அதன் பிறகு பலன்: சீசன் 3, எபிசோட் 11-இல் தந்தை விட்ட மின்னலை சூக்கோ திருப்பி அடிக்கிறான். இறுதியில் சொக்காவின் தங்கை கத்தாராவைக் காக்கக் குறுக்கே பாயும்போது அந்தப் பாதையைச் சரியாக அமைக்க நேரமில்லை, அடி மார்பில் இறங்குகிறது. அது ஏன் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும்.

முதலில் காட்சி, அடுத்து விதி, பிறகு விலை. சிங்க ஆமைக்குக் காட்சி மட்டும் 30-ஆவது எபிசோடில் இருக்கிறது. ஆமை நேரில் வருவது 59-ஆவதில், விதியும் விலையும் 61-இல். அதற்குள் கதையே முடிந்துவிட்டது.

சிதம்பரத்தான்:
நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆக நாலு பூதம்தான் தொடரில் இருக்கு. ஐந்தாவது ஆகாயம். சிங்க ஆமை கொடுப்பது அதுதான் என்பது என் வாசிப்பு. சீசன் 2, எபிசோட் 19, ‘தி குரு’வில் குரு பதிக் சக்கரங்களை வரிசையாகத் திறக்க வைக்கிறார். நிலம், நீர், நெருப்பு, காற்று, ஒலி, ஒளி, எண்ணம். மூலாதாரத்திலிருந்து சகஸ்ராரம் வரை நாம் சொல்லும் அதே வரிசை. விசுத்திக்கு நம் மரபில் ஆகாயம், ஆகாயத்தின் குணம் ஒலி. அவர்கள் ‘ஒலி’ என்று வைத்தது தற்செயல் இல்லை. அவதாரங்கள் பிறக்கும் சுழற்சி தீ, காற்று, நீர், நிலம் என்று போகும். குருவின் வரிசை வேறாக இருப்பதே ஆதாரம்.

காலாப்பட்டு கயல்:
சிதம்பரத்தான் அண்ணா, சக்கர வரிசை சரி, அந்தக் கவனிப்பு பட்டியலில் கட்டாயம் இருக்கணும். ஆனால் சிங்க ஆமை பேசுவது ‘நமக்குள் இருக்கும் ஆற்றல்’ பற்றி. ஆகாயம் என்று எங்கேயும் வராது. நம்ம ஊர் தத்துவத்தை வைத்து அந்த ஓட்டையை அடைத்தால், அடைத்தது நாம்தான், தொடர் இல்லை.

தலைப்புப் பலகையில் இதைவிடக் கெட்டியான ஒன்று இருக்கு. நாலு சீன எழுத்தில் முதல் எழுத்து ‘இறங்குதல்’, இரண்டாவது ‘உலகம்’. அவதாரம் என்ற சொல்லின் வேரும் இறங்கி வருதல்தான். அர்த்தம் தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு எபிசோடிலும் நம் கண்ணெதிரே வருவது இது.

ஒரு விஷயத்தில் நான் லோட்டஸ் பக்கம். சீசன் 2 கடைசியில் மின்னல் பட்டு ஆங்கின் முதுகில் தழும்பாகி, அவன் முழு ஆற்றலும் எழும் ‘அவதார் நிலை’ அடைபட்டுப் போகும். கடைசிச் சண்டையில் அந்தத் தழும்பில் பாறை மோதி அது திரும்புதே, அதையும் எல்லோரும் திட்டுவார்கள். அது நன்றாகவே விதைத்தது. சீசன் 2, எபிசோட் 3-லிருந்து எதிரணியின் டை லீ விரலால் குத்திப் பெண்டிங்கை முடக்குகிறாள், வர்மம் மாதிரி. சீசன் 3, எபிசோட் 7-இல் நெற்றிக்கண் வெடிக்காரன் நெற்றியில் கல் பட்டதும் அவன் குறி கெடுகிறது. எபிசோட் 12-இல் சொக்காவின் பூமராங் அதே இடத்தில் பட்டு அவன் வெடியே அவனை முடிக்கிறது. அதாவது உடலில் பட்ட அடி உள்ளே ஓடும் ஆற்றலை அடைக்கும். சீசன் 3 முதல் எபிசோடிலேயே, முதுகைக் குணப்படுத்தும் கத்தாரா, அங்கே ஆற்றல் முறுக்கிக் கிடக்கிறது என்கிறாள். வர்ம அடி பட்டவருக்கு அடங்கல் தட்டி எடுப்பது நமக்குத் தெரிந்த சங்கதி. அடித்துக் கட்டியது அடித்தே அவிழ்கிறது.

கடலூர் ஓ.டி.:
கயல், பாறை விஷயத்தில் திட்டியவர்களில் நானும் ஒருவன், அதை வாபஸ் வாங்குகிறேன். சீசன் 3 முதல் எபிசோடில் கத்தாரா சொல்லும் வசனம் எனக்குத் தோன்றவே இல்லை. சீசன் 2 கடைசியில் படிகக் குகைக்குள் ஆங், குரு சொன்னபடி, கத்தாராவை மனதால் விட்டுவிட்டுத்தான் அவதார் நிலையில் மேலே எழுகிறான். மனக்கதவு அங்கேயே திறந்தாச்சு, மிச்சம் இருந்தது உடலின் முடிச்சுதான். பொருந்துகிறது.

சிங்க ஆமைக்கு அப்படி ஒரு வசனம் காட்டுங்கள்.

லாஸ்பேட்டை லோட்டஸ்:
இதோட அடுத்த தொடரான ‘கோரா’வில் 2013-ல வந்த ‘பிகினிங்ஸ்’ ரெண்டு எபிசோட்லயும் மனுஷங்களுக்கு பெண்டிங்கைக் கொடுத்ததே சிங்க ஆமைங்கதான்னு வருதே அண்ணே?

கடலூர் ஓ.டி.:
2008-இல் முடிந்ததற்கு 2013 சாட்சி சொல்ல முடியாது. அது பின்னால் வந்து செய்த பழுதுபார்ப்பு, நல்ல பழுதுபார்ப்பு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

உண்மையான நீள விதை வேண்டுமென்றால் ஐரோவின் தாமரைக் காயைப் போடுங்கள். சீசன் 1, எபிசோட் 9-இல் பை ஷோ ஆட்டத்தின் ஒரு காய் தொலைந்தது என்று கப்பலையே துறைமுகத்துக்குத் திருப்புகிறார். கடைசியில் அது அவர் சட்டைக் கைக்குள்ளேயே கிடக்கிறது. சிரித்துவிட்டு மறந்துவிடுவோம். சீசன் 2, எபிசோட் 11-இல் அதே காயை நடுவில் வைத்து ஆடியதும் எதிரே இருப்பவர் அடையாளம் கண்டுகொள்கிறார். சீசன் 3, எபிசோட் 4-இல் வாள் ஆசான் பியாண்டாவோ கொடுத்த பையில் சொக்காவுக்கு ஒரு தாமரைக் காய். அந்தக் காய் ஒரு ரகசியச் சங்கத்தின் அடையாளம்; 59-ஆவது எபிசோடில் அந்த வெண்தாமரைச் சங்கமே வெளியே வருகிறது. முதல் மூன்று இடத்திலும் காயைக் கண்ணில் படும்படி காட்டுகிறார்கள்.

காலாப்பட்டு கயல்:
ஞாயிறுக்கு ஒரு முக்கியமான விஷயம். தொடர் 4:3 அளவில் எடுத்தது. புரொஜெக்டரில் ஜூம் போட்டு 16:9 திரையை நிரப்பினால் மேலும் கீழுமாகப் படத்தில் நாலில் ஒரு பங்கு வெட்டுப்படும். மறைந்திருப்பதைத் தேடும்போது அதில்தான் கோட்டை விடுவோம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும். வி.எல்.சி.யில் நிறுத்திவிட்டு ‘ஈ’ விசையைத் தட்டினால் ஒவ்வொரு சட்டமாக நகரும், நூலகப் படத்துக்கு அது போதும்.

லாஸ்பேட்டை லோட்டஸ்:
ஜூம் போட மாட்டோம் அக்கா. பட்டியலை மாத்திட்டேன். மின்னல், தாமரைக் காய், முதுகு முடிச்சு மூணும் ‘விதை’ன்னு மேல. சக்கர வரிசையும் தலைப்பு எழுத்தும் ‘பின்னணி’. சிங்க ஆமை ‘முன்காட்சி’ன்னு தனியா கீழ இருக்கு. அதை எடுக்க மட்டும் மாட்டேன் அண்ணே. அந்தத் தீவோட தரை அறுகோணமா இருக்கு, எர்த்பெண்டிங் பண்ணிப் பார்த்தா அசைய மாட்டேங்குது. நூலகப் படத்தை நினைவு வெச்சிருக்கிறவங்க ஆங்குக்கு முன்னாடியே அது என்னன்னு கண்டுபிடிச்சிடுவாங்க.